சுவரில் ஏறிய முகங்கள்: ஆர்ச்சிபால்ட் பரிசின் நூறாண்டு

சிட்னி நகரத்தில், துறைமுகத்தை ஒட்டி விரியும் டொமைன் பூங்காவின் ஓரத்தில் நிற்கும் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம், தன் மணற்கல் முகப்பில் ராபேல், மைக்கேலாஞ்சலோ முதலிய ஐரோப்பிய மேதைகளின் பெயர்களைப் பெரிய எழுத்துகளில் தாங்கி நிற்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை அக்கட்டடத்தின் வாசலில் வரிசை நிற்க வைப்பது, உள்ளூர் ஓவியர்கள் உள்ளூர் மனிதர்களைப் பார்த்துத் தீட்டிய உருவ ஓவியங்களின் போட்டியாகிய ஆர்ச்சிபால்ட் பரிசுக் கண்காட்சியே. குறிப்பிட்ட ஒரு மனிதரை இன்னார் என்று அறியும்படி தீட்டுவதே உருவ ஓவியம் எனப்படுகிறது. 1921இல் தொடங்கிய இப்பரிசைக் கலை விமர்சகர்கள் ஏளனம் செய்வது ஆண்டுதோறும் நிகழும் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அந்த ஏளனத்தில் நியாயமும் உண்டு, ஏனெனில் ஆஸ்திரேலிய ஓவியத்தில் நிகழ்ந்த புதுமைகள் பெரும்பாலும் வேறிடங்களில் அரங்கேறிப் பழகிய பிறகே இங்கு வந்து சேர்ந்தன. எனினும் ஒரு சமூகம் யாருடைய முகத்தைச் சுவரில் மாட்டத் தகுந்ததாகக் கருதியது, அந்தக் கருத்து எப்போது, எவ்வளவு தயக்கத்துடன் மாறியது என்று அறிய விரும்புவோருக்கு, வென்ற ஓவியங்களின் வரிசையைப் போன்ற நேரடியான ஆவணம் அந்நாட்டில் வேறில்லை.

பரிசுக்குப் பெயர் தந்தவர் ஓவியர் அல்லர், பத்திரிகையாளர். 1856இல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்து, ஜான் ஃபெல்தாம் என்று பெற்றோர் இட்ட பெயரைப் பிரெஞ்சுப் பண்பாட்டின் மேல் கொண்ட மோகத்தால் ஜூல்ஸ் ஃபிரான்சுவா என்று மாற்றிக்கொண்ட ஆர்ச்சிபால்ட், 1880இல் ஜான் ஹெய்ன்ஸ் என்பவருடன் சேர்ந்து சிட்னியில் 'தி புல்லட்டின்' என்ற வார இதழைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில், அவதூறு வழக்கு ஒன்றின் செலவுத் தொகையைக் கட்ட இயலாமல் இருவரும் சிறை செல்ல நேர்ந்தது. அந்தச் சிறைவாசம் இதழின் புகழைக் கூட்டவே செய்தது. ஹென்றி லாசன், பாஞ்சோ பாட்டர்சன் போன்ற எழுத்தாளர்களை வளர்த்தெடுத்த அந்த இதழ், நாட்டுப்புறத் தொழிலாளர் கைகளில் வேதப் புத்தகம் போலப் புழங்கியது என்று சொல்லப்படுவதுண்டு. அதே இதழ்தான் ஆசியக் குடியேற்றத்தையும் பசிபிக் தீவுத் தொழிலாளர்களின் வருகையையும் கடும் வெறுப்புடன் எதிர்த்து, வெள்ளையர் மட்டுமே வாழும் ஆஸ்திரேலியா என்ற கொள்கைக்கு ஊதுகுழலாகவும் இருந்தது. இந்த இரண்டு முகங்களையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சொல்லலாம்: அமெரிக்காவிலிருந்து லிவிங்ஸ்டன் ஹாப்கின்ஸ், இங்கிலாந்திலிருந்து ஃபில் மே எனக் கேலிச்சித்திரக்காரர்களைச் சம்பளம் கொடுத்து வரவழைத்து, முகத்தை மிகைப்படுத்தி வரையும் கலையை ஆஸ்திரேலிய வாசகர்களுக்குப் பழக்கியதும் இந்த இதழே.

லாசனின் உருவத்தைத் தீட்டும் பணியை ஜான் லாங்ஸ்டாஃப் என்ற ஓவியரிடம் ஆர்ச்சிபால்ட் 1900இல் ஒப்படைத்திருந்தார். எழுத்தாளர் ஒருவரின் முகத்தை ஓவியம் எவ்வளவு காலம் காப்பாற்றி வைக்கும் என்பதை அவர் அப்போதே உணர்ந்திருக்க வேண்டும். 1919இல் அவர் இறந்தபோது, தம் சொத்தில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஓர் உருவ ஓவியப் பரிசுக்கு ஒதுக்கி உயில் எழுதி வைத்திருந்தது தெரியவந்தது. கலை, இலக்கியம், அறிவியல், அரசியல் ஆகிய துறைகளில் சிறந்து விளங்கும் ஆண் அல்லது பெண்ணை முன்னுரிமையாகக் கொண்டு, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அடங்கிய ஆஸ்திரலேசியப் பகுதியில் முந்தைய பன்னிரண்டு மாதங்கள் வசித்த ஓவியர் தீட்டிய மிகச் சிறந்த உருவ ஓவியத்துக்குப் பரிசு தரப்பட வேண்டும் என்பது உயிலின் சாரம். தேர்வு செய்யும் பொறுப்பு கலைக்கூடத்தின் அறங்காவலர்களுக்கு, அதாவது நிறுவனத்தின் சொத்தையும் கொள்கையையும் மேற்பார்வை செய்ய நியமிக்கப்படும் குழுவினருக்கு, அளிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஓவியர்கள் அல்லர். வணிகம், சட்டம், பொதுவாழ்வு ஆகிய துறைகளிலிருந்து வந்தவர்கள். இன்றுவரை பரிசைத் தீர்மானிப்பது இக்குழுவே என்பதும், அக்குழுவின் தீர்ப்பு நகரத்துக் கனவான்களின் சராசரி ரசனையிலிருந்து அதிக தூரம் விலகியதில்லை என்பதும் பின்னர் எழுந்த பூசல்கள் அனைத்துக்கும் வேர்.

400 பவுண்டு மதிப்புள்ள முதல் பரிசை, மெல்போர்ன் ஓவியர் டபிள்யூ. பி. மக்கின்ஸ், டெஸ்பரோ அன்னியர் என்ற கட்டடக் கலைஞரின் உருவத்துக்காகப் பெற்றார். முதல் நான்கு ஆண்டுகளும் அவரே வென்றார். பிறகு மேலும் மூன்று முறை. அவருக்கும், ஐந்து முறை வென்ற லாங்ஸ்டாஃபுக்கும் இடையில் முதல் பதினைந்து ஆண்டுகள் பெரும்பாலும் கழிந்தன. பேராசிரியர், எழுத்தாளர், படை அதிகாரி எனப் பழுப்பு நிறப் பின்னணியில் இருண்ட உடையணிந்து அமர்ந்திருக்கும் கண்ணியமான ஆண்கள் அக்கால ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வருகிறார்கள். பெண்கள் இல்லாமல் இல்லை. ஆனால் 1923இல் மக்கின்ஸ் தம் மனைவியைத் தீட்டி வென்ற ஓவியத்தின் தலைப்பு 'ஒரு சீமாட்டியின் உருவம்' என்ற பொருளிலும், 1926இல் வென்றதன் தலைப்பு 'பட்டும் சரிகைப் பின்னலும்' என்ற பொருளிலும் அமைந்திருந்தன. முதலாமவரான வயலெட் மக்கின்ஸும் இரண்டாமவரான எஸ்தர் பாட்டர்சனும் தாமே ஓவியர்கள் என்பதை அத்தலைப்புகளிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது; ஆண்களுக்குப் பதவியும் பெண்களுக்குத் துணியும் அடையாளமாக இருந்த காலம் அது.

தூரிகை பிடித்த பெண் முதன்முதலாகப் பரிசு பெற்றது 1938ஆம் ஆண்டுக்கான போட்டியில். நிலக்காட்சி ஓவியத்தில் பெரும்புகழ் பெற்ற ஹான்ஸ் ஹெய்சனின் மகளான நோரா ஹெய்சன், டச்சுத் தூதரக அதிகாரி ஒருவரின் மனைவியான திருமதி எலிங்க் ஸ்கூர்மனின் உருவத்தைத் தீட்டி வென்றார். வெற்றியை அறிவித்த பெண்கள் வார இதழ் ஒன்று அவர் நன்றாகச் சமைக்கவும் தெரிந்தவர் என்று தலைப்பிலேயே வாசகர்களுக்கு உறுதி கூறியது. மாக்ஸ் மெல்ட்ரம் என்ற செல்வாக்கு மிக்க ஓவிய ஆசிரியரோ, தொழில்முறை வாழ்க்கையில் பெண்கள் ஆண்களுக்கு இணையாக நிற்க எதிர்பார்ப்பதே தவறு என்ற பொருளில் பத்திரிகைகளிடம் வெளிப்படையாகப் பேசினார். அடுத்த இரண்டு ஆண்டுகளின் பரிசும் மெல்ட்ரமுக்கே போயிற்று என்பதைப் பார்க்கும்போது, அறங்காவலர்கள் தம் துணிச்சலுக்குப் பரிகாரம் தேடினார்களோ என்று கேட்கத் தோன்றுகிறது. நோரா ஹெய்சன் 1943இல் ஆஸ்திரேலியாவின் அதிகாரபூர்வப் போர் ஓவியராக நியமிக்கப்பட்ட முதல் பெண்ணானார். அவருக்குப் பின் ஆர்ச்சிபால்ட் பரிசை இன்னொரு பெண், ஜூடி காசப், பெற 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பரிசின் வரலாற்றை இரண்டாகப் பிளந்த நிகழ்ச்சி, 1943ஆம் ஆண்டுக்கான பரிசாக 1944 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட வில்லியம் டோபெலின் ஓவியம். போர்க்காலத்தில் இராணுவ நிலைகளை எதிரியின் கண்ணிலிருந்து மறைக்கும் உருமறைப்பு வேலையில் டோபெலுடன் பணியாற்றிய ஜோஷுவா ஸ்மித் என்ற சக ஓவியரே அதில் இடம்பெற்றவர். கடுகு மஞ்சளும் பழுப்பும் கலந்து ஒளிரும் பின்னணியில், நீண்டு மெலிந்த கழுத்தும், விரிந்த காதுகளும், இயல்பை மீறி நீண்ட கைகளுமாக, விரல்களை மடிமேல் கோத்து அவர் அமர்ந்திருக்கிறார். எல் கிரெக்கோ முதல் ஐரோப்பிய ஓவியர்கள் மனித உடலை நீட்டியும் வளைத்தும் தீட்டி வந்ததை அறிந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஏதுமில்லை. ஆனால் மக்கின்ஸின் கனவான்களையும் லாங்ஸ்டாஃபின் பிரமுகர்களையும் பார்த்துப் பழகிய சிட்னிக்கு அது பேரதிர்ச்சியாக இருந்தது. போர் உச்சத்தில் இருந்த நேரத்திலும், லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், அவர்களுள் அதற்கு முன் கலைக்கூடத்தின் படியேறியே இராதவர்கள் பலர், அந்த ஒரு படத்தைப் பார்க்கத் திரண்டனர்.

அதே ஆண்டுப் போட்டியில் தோற்றிருந்த மேரி எட்வர்ட்ஸ், ஜோசப் வொலின்ஸ்கி என்ற இரு ஓவியர்கள், டோபெலின் படைப்பு உருவ ஓவியமே அன்று, கேலிச்சித்திரம்; ஆகவே அதற்குப் பரிசளித்தது உயிலை மீறிய செயல் என்று நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தில் அறங்காவலர்கள் மீதும் டோபெல் மீதும் வழக்குத் தொடுத்தனர். அந்நாட்டில் உச்ச நீதிமன்றம் என்பது மாநில அளவிலானது. நம் உயர் நீதிமன்றத்துக்கு நிகரானது. ஓர் ஓவியம் நன்றாக இருக்கிறதா என்று கேட்பது நீதிமன்றத்தின் வேலையன்று. ஆனால் உயில் என்பது சட்ட ஆவணம் ஆதலால், அதில் குறிக்கப்பட்ட பொருள் இதுதானா என்று கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வாதிகளின் தந்திரம் இந்தச் சிறு இடைவெளியில்தான் நுழைந்தது. 1944 அக்டோபரில் விசாரணை நடந்தபோது, வாதிகள் தரப்பில் கார்ஃபீல்ட் பார்விக், டோபெல் தரப்பில் ஃபிராங்க் கிட்டோ என, இருவருமே பின்னாளில் நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் அமர்ந்த வழக்கறிஞர்கள், கழுத்தின் நீளத்தையும் கையின் அளவையும் பற்றிச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். மருத்துவர் ஒருவர் கூண்டில் ஏறி, படத்தில் உள்ளது உயிருள்ள உடலே அன்று, இறந்து மாதக்கணக்கில் உலர்ந்த உடலைப் போன்றது என்று நிபுணர் கருத்துரைத்தார். உருவம் தீட்டப்பட்ட ஜோஷுவா ஸ்மித் உயிரோடு அதே நகரத்தில் நடமாடிக்கொண்டிருக்க, பத்திரிகைகள் இத்தகைய வாக்குமூலங்களை நாள்தோறும் அச்சிட்டன என்பதை நினைத்தால், இவ்வழக்கை வேடிக்கையாக மட்டும் படித்துவிட முடியாது.

நவம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி ரோப்பர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். படத்தில் மிகையும் திரிபும் இருப்பதை அவர் மறுக்கவில்லை. அவை ஓவியரின் கைத்திறக் குறைவால் நேர்ந்தவை அல்ல, அத்தகைய திறமை உடையவர் தெரிந்தே செய்தவை என்றும், அவற்றையும் மீறி அது ஸ்மித்தை ஒத்திருப்பதால் உருவ ஓவியமே என்றும் அவர் கண்டார். கேலிச்சித்திரத்தைக் கொண்டே இதழ் நடத்திச் சொத்துச் சேர்த்த ஒருவரின் பணத்தில் வழங்கப்படும் பரிசை, கேலிச்சித்திரம் என்ற குற்றச்சாட்டின் பேரில் பறிக்க முயன்றதில் உள்ள முரணை நீதிமன்றம் எடுத்துப் பேசவில்லை. தீர்ப்பு நவீன ஓவியத்தின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் வென்றவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு அவ்வளவு எளிதாக இல்லை. டோபெல் உடல் நலிந்து, சிட்னியை விட்டு மக்குவாரி ஏரிக்கரையில் உள்ள வாங்கி வாங்கி என்ற சிற்றூரில் ஒதுங்கி, சில காலம் மனித உருவத்தைத் தவிர்த்து நிலக்காட்சிகளையே தீட்டினார். 1948இல் மார்கரெட் ஆலி என்ற இளம் ஓவியரின் உருவத்துக்காக மீண்டும் ஆர்ச்சிபால்ட் பரிசு பெற்றபோது, மிகையை அவர் வளமான உடையிலும் தொப்பியிலும் காட்டினாரே தவிர எலும்பில் காட்டவில்லை. 1944ஆம் ஆண்டுக்கான பரிசை வென்றபோதிலும், ஸ்மித் 1995இல் இறக்கும் வரை அந்தப் படத்தின் நிழலிலிருந்து விடுபட இயலவில்லை. வழக்குக்குக் காரணமான ஓவியமோ 1958இல் அடிலெய்டு நகரின் காரிக் ஹில் மாளிகையில் நிகழ்ந்த தீவிபத்தில் சிக்கிப் பெரும்பகுதி கருகிப்போயிற்று. பின்னர் செப்பனிடப்பட்டாலும் இன்று எஞ்சியிருப்பதில் டோபெலின் கை எவ்வளவு என்பது ஐயத்துக்குரியது.

நீதிமன்றம் வழி திறந்துவிட்டது என்று நம்பியவர்களுக்கு அடுத்த பத்தாண்டுகள் ஏமாற்றமே தந்தன. எட்டு முறை வென்று இன்றும் முறியடிக்கப்படாத சாதனையை வைத்திருக்கும் வில்லியம் டார்கி, எலிசபெத் அரசியின் உருவத்தை 1954இல் தீட்டியவர். திருத்தமான கை, ஐயமற்ற ஒப்புமை, பழக்கப்பட்ட கண்ணியம் ஆகியவையே அவரது ஓவியத்தின் இலக்கணம். 1952ஆம் ஆண்டுக்கான பரிசும் அவருக்கே என்று அறிவிக்கப்பட்டபோது, ஜான் ஓல்சன் என்ற இளைஞரின் தலைமையில் ஓவிய மாணவர்கள் கலைக்கூடத்தில் ஆர்ப்பாட்டம் செய்தனர். (அதே ஓல்சன் 2005இல், எழுபதுகளின் பிற்பகுதியில், தன்னுருவ ஓவியத்துக்காக இப்பரிசை மறுக்காமல் பெற்றுக்கொண்டார்.) மாணவர்களின் சினம் நியாயமானதே என்றாலும், டார்கியின் எட்டு வெற்றிகளில் கடைசியானதை அலட்சியமாகக் கடந்து செல்ல முடியாது. 1956இல் அவர் தீட்டியது ஆல்பர்ட் நமட்ஜிராவை. மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில், ஹெர்மன்ஸ்பர்க் என்ற கிறித்தவ மடத்தின் குடியிருப்பில் வளர்ந்து, நீர்வண்ண நிலக்காட்சிகளால் நாடெங்கும் அறியப்பட்டிருந்த அரன்டா பழங்குடி ஓவியர். தம் நிலக்காட்சி ஓவியம் ஒன்றைக் கையில் பற்றியபடி அவர் அமர்ந்திருக்கும் அந்தப் படமே, பழங்குடி மனிதர் ஒருவரின் முகத்துக்கு ஆர்ச்சிபால்ட் பரிசு கிடைத்த முதல் நிகழ்வு. அன்றைய சட்டத்தின்படி நமட்ஜிரா முழு உரிமையுள்ள குடிமகன்கூட அல்லர். மறு ஆண்டு அவருக்குத் தனிச்சலுகையாகக் குடியுரிமை தரப்பட்டது. 1958இல், அந்த உரிமை இல்லாத தம் இனத்தவர் ஒருவருக்கு மது கிடைக்கச் செய்தார் என்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு, 1959இல் அவர் இறந்தார். சுவரில் இடம் கொடுத்த சமூகம் சட்டத்தில் இடம் கொடுக்கவில்லை.

1970களில் உருவ ஓவியத்தின் வடிவம் தளர்ந்தது. 1976இல் பிரெட் வைட்லி வென்ற தன்னுருவ ஓவியத்தில், ஆழ்ந்த நீலம் பரவிய அறையும் சாளரத்துக்கு அப்பால் துறைமுகமுமே கண்ணை நிறைக்கின்றன; ஓவியரின் முகமோ படத்தின் அடிப்பகுதியில், கை ஒன்று பிடித்திருக்கும் சிறு கண்ணாடியில் மட்டும் தென்படுகிறது. இப்படி வடிவம் தளரத் தளர விதிகள் இறுகின. ஓவியர் தாம் தீட்டுபவரை நேரில் அமரவைத்துப் பார்த்துத் தீட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மீறி, டிம் பர்ஸ்டால் என்ற திரைப்பட இயக்குநரின் முகத்தைப் புகைப்படத்திலிருந்து தீட்டியதால், ஜான் புளூம்ஃபீல்டுக்கு 1975இல் அறிவிக்கப்பட்ட பரிசு பறிக்கப்பட்டுக் கெவின் கானருக்கு வழங்கப்பட்டது. 1997இல் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரின் வாழைப்பழ வேடக் கதாபாத்திரங்களைத் தீட்டிய ஓவியம், மனிதரின் உருவம் அன்று என்று விலக்கப்பட்டது. 2004இல் டேவிட் குல்பிலில் என்ற புகழ்பெற்ற பழங்குடி நடிகரின் முகத்தைக் கிரெய்க் ரடி கரித்துண்டைப் பெரிதும் பயன்படுத்தி உருவாக்கி வென்றபோது, அது தீட்டிய ஓவியமா வரைந்த கோட்டுச் சித்திரமா என்ற கேள்வியுடன் டோனி ஜொஹான்சன் என்ற ஓவியர் நீதிமன்றம் சென்றார். 2006இல் அவ்வழக்கும் தள்ளுபடியானது. இத்தகைய கேள்வியைக் கலையுலகத்தார் தீர்த்துக்கொள்வதே பொருத்தம் என்ற போக்கில் நீதிபதி கருத்துரைத்தார். அறுபது ஆண்டு இடைவெளியில் நீதிமன்றம் கற்றுக்கொண்ட அடக்கம் இது.

இன்று கண்காட்சிக்கு வருவோர் காண்பது, இப்பூசல்களையெல்லாம் உள்வாங்கிச் செரித்து ஏறத்தாழ ஒரு திருவிழாவாகிவிட்ட ஏற்பாடு. ஆண்டுக்குத் தொள்ளாயிரம், ஆயிரம் என வரும் ஓவியங்களை ஊழியர்கள் அறங்காவலர்களின் முன் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து காட்ட, அவற்றுள் ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டவை மட்டுமே சுவரேறுகின்றன. ஆனால் அதற்கு முன்பே, கலைக்கூடத்தின் பின்புறம் சரக்கு இறக்கும் வாசலில், ஓவியர்கள் துணியும் அட்டையும் சுற்றிய படங்களைத் தாங்களே சுமந்து வந்து வரிசையில் நிற்கும்போதே முதல் மதிப்பீடு தொடங்கிவிடுகிறது. சிப்பம் பிரித்து, ஆணியடித்து மாட்டும் ஊழியர்கள் தம் விருப்பத்துக்குரிய ஒன்றுக்குத் தாமே தனிப் பரிசு தருவது 1990களின் தொடக்கத்திலிருந்து வழக்கம். நெடுங்காலம் அவர்களின் தலைவருக்கு நூற்றுக்கு 52 பங்கு வாக்கு இருந்ததால் மற்றவர்களின் வாக்கு மரியாதைக்காகவே எண்ணப்பட்டது. அந்த ஊழியர்கள் தேர்ந்த ஓவியம் தலைமைப் பரிசை ஒருமுறைகூடப் பெற்றதில்லை. பார்வையாளர் வாக்கால் தீர்மானிக்கப்படும் மக்கள் பரிசு 1988இலிருந்து உள்ளது. ரடியின் குல்பிலில் ஓவியம் போல அதுவும் தலைமைப் பரிசும் ஒன்றில் சேர்வது அரிது. விலக்கப்பட்டவற்றிலிருந்து தேர்ந்து, அப்சர்வேட்டரி குன்றில் உள்ள எஸ். ஹெச். எர்வின் கலைக்கூடம் 1992 முதல் 'நிராகரிக்கப்பட்டோர் கண்காட்சி' ஒன்றை நடத்துகிறது. 1863இல் பாரிசில் நடந்ததன் பெயரை அப்படியே எடுத்துக்கொண்ட இக்கண்காட்சியே தரமானது என்று வாதிடுவோரும் உண்டு.

பரிசுத் தொகை இன்று ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 2020இல் அத்தொகையைப் பெற்றவர், ஆல்பர்ட் நமட்ஜிராவின் கொள்ளுப்பேரன் வின்சென்ட் நமட்ஜிரா. நூறாண்டை நெருங்கிய பரிசின் வரலாற்றில் பழங்குடி ஓவியர் ஒருவர் வென்றது அதுவே முதல் முறை. மைதானத்தில் இனவெறிக் கூச்சலை எதிர்த்து நின்ற கால்பந்து வீரர் ஆடம் குட்ஸும் தாமும் கைகோத்து நிற்பதாக, தென் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் உள்ள இண்டல்கானாவில் வாழும் அவர் தீட்டியிருந்தார். கொள்ளுத்தாத்தாவின் முகத்துக்கும் கொள்ளுப்பேரனின் தூரிகைக்கும் இடையில் 64 ஆண்டுகள். 2022இல் பிளாக் டக்ளஸ், அவ்வாண்டின் பெருவெள்ளத்தில் மூழ்கிய லிஸ்மோர் வட்டாரத்தில் வாழும் கார்லா டிக்கன்ஸ் என்ற பழங்குடிக் கலைஞரை, சேற்று நீரில் நின்று ஓட்டை வாளிகளைத் தூக்கியபடி முகம் கடுத்தவராகத் தீட்டி வென்றார். அதன் பிறகு ஜூலியா கட்மன், லாரா ஜோன்ஸ், ஜூலி ஃப்ரேகர் என 2023 முதல் 2025 வரை மூன்று ஆண்டுகளும் பெண்களே வென்றிருக்கிறார்கள். ஃப்ரேகருடன் சேர்த்து இதுவரை பரிசு பெற்ற பெண்கள் பதின்மூவர். அவர்களுள் ஜூடி காசப்பும் டெல் காத்ரின் பார்ட்டனும் இருமுறை பெற்றவர்கள். மக்கின்ஸ், டார்கி என்ற இரண்டே ஆண்கள் வென்ற பரிசுகளைக் கூட்டினால் அதுவும் பதினைந்துதான் வருகிறது.